கிரேனிட்ஸ் ஊராட்சியின் தரை விடாப் பறத்தல்

கிரேனிட்ஸ் ஊராட்சியில் பறப்பதற்கென்று நாற்பத்திரண்டு பக்கத்தில் ஒரு விதித்தொகுப்பு இருக்கிறது. நாற்பத்தொரு பக்கம் எப்படிப் பறக்காமல் இருப்பது என்று சொல்கிறது. மீதி ஒரு பக்கம் பொருளடக்கம்.

முந்நூற்றுப் பதினோரு பேர் உள்ள ஊருக்கு இதெல்லாம் எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது! 1892ஆம் ஆண்டு, கூடை முடைகிற கொன்ராட் லீப்கே என்ற மனிதர், கூடைக் கழிகளை வளைத்து, பெண்டாட்டியின் படுக்கை விரிப்புகளை அவள் தூங்கி எழுவதற்குள் உருவித் தைத்து, இரண்டு இறக்கை செய்து, ஊருக்கு மேற்கே இருக்கும் குன்றிலிருந்து குதித்தார். முப்பத்தெட்டு மீட்டர் பறந்தார். பீட்ரூட் தோட்டத்தில் விழுந்து தோள்பட்டையை முறித்துக்கொண்டார்.

விழுந்த இடத்தில் ஒரு கல் நட்டிருக்கிறது. 'மனிதா, இனி உனக்கு எல்லை இல்லை' என்று அவர் அப்போது சொன்னதாக அதில் பொறித்திருக்கிறது. பக்கத்தில் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் காதில் விழுந்தது வேறு. "ஐயோ என் தோளு! யாராச்சும் ஒரு பியர் குடுங்கடா!" ஊராட்சி மன்றம் இரண்டையும் பரிசீலித்தது. கல்லுக்கு முதலாவதுதான் எடுப்பாக இருக்கும் என்று ஒருமனதாக முடிவு செய்தது.

அந்த முப்பத்தெட்டு மீட்டரில்தான் ஊரே குடியிருக்கிறது. ஊர்ப் பலகையில் 'பறத்தல் ஊராட்சி' என்று போட்டிருக்கும். ரொட்டிக் கடை, பறத்தல் ரொட்டிக் கடை. தீயணைப்புப் படை, பறத்தல் தீயணைப்புப் படை. கல்லறைத் தோட்டத்துக்கும் அப்படியே பெயர் வைத்துவிடலாம் என்று ஒருமுறை பேச்சு வந்தது. பாதிரியார் கோபித்துக்கொண்டதால் ஒத்திப்போட்டார்கள். இன்னும் ஒத்திதான் போட்டிருக்கிறார்கள்.

ஆண்டுதோறும் செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு பறத்தல் நாள். லீப்கேயின் இறக்கையைப் போலவே செய்த ஒன்றை ஒருவர் தோளில் மாட்டிக்கொண்டு குன்றிலிருந்து கல் வரைக்கும் வர வேண்டும். அவரைத் 'தாங்கி' என்பார்கள். தாங்கி லீப்கேயின் எடையே இருக்க வேண்டும் என்பது விதி: அறுபத்தாறு கிலோ, அரை கிலோ முன்பின் இருக்கலாம். கூட்டுறவுச் சங்கத்தில் மாடு நிறுக்கும் தராசில் ஆண்கள் எல்லாரும் வரிசையாக ஏறி இறங்குவார்கள். எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக்கு எவன் அறுபத்தாறில் நிற்பான்? தராசில் ஏறியவர்களில் பாதிப் பேர் கன்றுக்குட்டிக் கணக்கைத் தாண்டிவிடுவார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் வருஷா வருஷம் முள் பிசகாமல் அறுபத்தாறில் நிற்பார். அவர்தான் ஏகோன் பீஸ்கர்.

ஏகோனுக்கு ஐம்பத்து மூன்று வயது. பால் டேங்கர் ஓட்டுகிறார். ஏணியில் மூன்றாவது படிக்கு மேல் ஏறினால் காது அடைத்துக்கொள்ளும். இந்தத் தாங்கி வேலையிலிருந்து தப்பிப்பதற்கு ஒன்பது வருஷமாக அவர் தின்னாத தீனி இல்லை. அவர் மனைவி உர்சல் ஒவ்வொரு ஆகஸ்டிலும் பன்றி வறுவலும் உருளைக்கிழங்கு உருண்டையுமாகத் தட்டை நிரப்பிக்கொண்டே இருப்பாள்.

"ஏன்யா, தின்னதெல்லாம் எங்கதான் போகுது? உனக்கு ஆக்கிப்போட்டு ருசி பாத்துப் பாத்து நான்தான் ரெண்டு சுத்து பெருத்துட்டேன்!"

"நான் என்ன பண்ணட்டும் உர்சல். ஒடம்பு ஊராட்சி சொல்றதக் கேக்குது."

அதுவும் உண்மைதான். ஏகோன் யார் சொன்னாலும் கேட்கிற ரகம். ஊர்க் குறிப்பேடு என்று மேயர் அலுவலகத்தில் ஒரு தடித்த புத்தகம் உண்டு. ஊரில் நடந்ததெல்லாம் அதில் ஏறும். எந்த வருஷம் யார் வீட்டுப் பூசணி பெரிசு, எந்த நாள் பேருந்து பதினொரு நிமிஷம் பிந்தி வந்தது, எல்லாம் இருக்கும். ஏகோன் பீஸ்கர் என்ற பெயர் மட்டும் எந்தப் பக்கத்திலும் கிடையாது. ஒன்பது பறத்தல் நாளுக்கும் ஒரே வாசகம்தான்: 'பறத்தல் சிறப்பாக நடைபெற்றது. யாரும் பறக்கவில்லை.'

யாரும் பறக்காமல் பார்த்துக்கொள்வது மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் கோல்வின் அம்மையாரின் வேலை. விதித்தொகுப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தாங்கியின் பக்கத்திலேயே நடந்து வருவார். எந்த நேரமும் ஒரு பாதமாவது தரையில் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் நிற்கச் சொல்லி, செருப்புக்கு அடியில் ஒரு தாளை நுழைத்துப் பார்ப்பார். தாள் நுழைந்தால் முதலிலிருந்து நடக்க வேண்டும். போதாததற்கு இரண்டு இறக்கை நுனியிலும் கயிறு. கயிற்றைப் பிடிக்கத் தீயணைப்புப் படையிலிருந்து இரண்டு பேர். இடது கயிறு எப்போதும் உர்சலின் தம்பி பெர்ன்ட் கையில்தான் இருக்கும்.

பெர்ன்டுக்குத் தீயணைப்புப் படைதான் உயிர். ஊரில் கடைசியாகத் தீப்பிடித்துப் பதினான்கு வருஷம் ஆகிறது. ஆனாலும் தினமும் காலையில் தலைக்கவசத்தைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் காப்பி குடிப்பான்.

அந்த வருஷம் என்ன ஆயிற்றென்றால், மேயர் ட்ரெப்ஸுக்கு ஜலதோஷம் பிடித்தது.

இதை விளங்கச் சொல்ல வேண்டும். மேயர் கீழே கல்லுக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கி முன்னால் நின்று பேசுவார். முக்கால் மணி நேரம். ஏகோன் குன்று உச்சியில் இறக்கையோடு நின்று கேட்டுக்கொண்டிருப்பார். பேச்சு முடிந்து, தாங்கி நடந்து வந்து கல்லைத் தொட்டதும், மேயர் கைக்குட்டையை உயரத் தூக்குவார். உடனே பேண்டு வாத்தியக்காரர்கள் ஊர்ப்பாட்டை வாசிக்க வேண்டும். பாட்டு ஒலிக்கும்போது சீருடை போட்டவர்கள் தலைக்கவசத்தை இரண்டு கையாலும் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும் என்று பத்தொன்பதாம் பக்கத்தில் இருக்கிறது. 'இரண்டு கையாலும்' என்பது பின்னால் சேர்த்தது. ஒருத்தன் ஒரு கையில் சாசேஜை வைத்துக்கொண்டு மறு கையால் கழற்றிவிட்டான் என்று மூன்று கூட்டம் போட்டுச் சேர்த்தார்கள்.

மேயர் பாதிப் பேச்சில் இருந்தார். "பறத்தல் என்பது கிரேனிட்ஸின் மூச்சு..." என்று இழுத்தார். மூக்கு ஒழுகியது. கைக்குட்டையைத் தூக்கினார்.

டமார் என்று பாட்டு கிளம்பியது. குன்று உச்சியில் நின்ற பெர்ன்டும் வலது கயிற்றுக்காரனும் சட்டென்று விறைத்தார்கள். இரண்டு பேரும் இரண்டு கையாலும் தலைக்கவசத்தைக் கழற்றினார்கள். கயிறு இரண்டும் புல்லில் விழுந்தது. அதே நொடியில் மேற்கிலிருந்து ஒரு காற்று வந்தது.

ஏகோனுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. காற்றில் தடுமாறி எடுத்து வைத்த கால் நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அடியில் எதுவும் இல்லை. கீழே கோல்வின் அம்மையார் தாளை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார். அவருக்கும் பாதத்துக்கும் நடுவில் அந்தத் தாள் என்ன, ஒரு மாட்டு வண்டியே நுழைந்திருக்கும். காது அடைக்கும், இப்போது அடைக்கும் என்று ஏகோன் காத்திருந்தார். அடைக்கவில்லை! கண்ணைத் திறந்தார். ரொட்டிக் கடை ஓடு தெரிந்தது. தன் வீட்டுக் கொடியில் காயும் தன்னுடைய நீலச் சட்டை தெரிந்தது. விழாவுக்குப் போட்ட கேக் கடையில் உர்சல், கையில் பிளம் கேக்கோடு, வாயைப் பிளந்து நிற்பது தெரிந்தது. மேயரின் தலையில் வழுக்கை இருப்பது தெரிந்தது. அதை இத்தனை வருஷம் அவர் எப்படி மறைத்தார் என்பதும் தெரிந்தது. ஏகோனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டே கல்லுக்கு மேலே, பேண்டு வாத்தியத்துக்கு மேலே, பீட்ரூட் தோட்டத்துக்கு மேலே போனார். போய் மெத்தென்று கிழங்குகளுக்கு நடுவில் உட்கார்ந்தார். ஒரு கீறல்கூட இல்லை.

"யாராச்சும் ஒரு பியர் குடுங்கப்பா!" என்று கத்தினார்.

ஊர் முழுக்கக் கையைத் தூக்கியது, தட்டுவதற்கு. "தட்டாதீங்க!" என்று ஒலிபெருக்கியில் அலறினார் மேயர். "யாரும் தட்டக் கூடாது! தட்டினா நடந்ததா ஆயிடும்!"

தூக்கிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் எல்லாரும் தலையைச் சொறிந்துகொண்டார்கள். உர்சல் மட்டும் கேக்கைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினாள். பட் பட்டென்று தனியாகத் தட்டினாள்.

கோல்வின் அம்மையார் அளவு நாடாவோடு வந்தார். நாற்பத்தொன்பது மீட்டர். லீப்கேயைவிடப் பதினொரு மீட்டர் அதிகம். ஏகோனை மேலும் கீழும் பார்த்தார்.

"இறங்குறப்போ மொதல்ல எந்தக் கால் பட்டுது?"

"கால் படலீங்க மேடம். குண்டிதான் பட்டுது."

"அதுக்குப் படிவத்துல கட்டம் இல்லியே," என்று கவலையாகச் சொன்னார் அம்மையார்.

அன்றைக்கு ஏகோன் வீட்டில் உட்காரவே இல்லை. சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். "உர்சல், நம்ம வீட்டு ஓடு மேல பந்து ஒண்ணு கெடக்கு, தெரியுமா?" என்பார். கொஞ்ச நேரம் கழித்து, "மேல காத்து வேற மாதிரி இருக்கு உர்சல்," என்பார். ஐம்பத்து மூன்று வருஷத்தில் அந்த மனிதர் தனக்கென்று எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்டார்.

"குறிப்பேட்டுல ஒரே ஒரு வரி எழுதச் சொல்லப்போறேன். 'ஏகோன் பீஸ்கர் பறந்தார்.' அவ்ளோதான். விருந்து வேணாம், மாலை வேணாம்."

"கேளுய்யா," என்றாள் உர்சல். "பூசணிக்காயெல்லாம் ஏறியிருக்கு. நீ ஏறக் கூடாதா?"

செவ்வாய்க்கிழமை ஊராட்சி மன்றம் அவசரமாகக் கூடியது. மேயர் எழுந்து நின்றார். அவசரக் கூட்டம் என்பதால் அரை மணி நேரம்தான் பேசினார்.

"பீஸ்கர் அவர்களே!" என்று ஆரம்பித்தார். எட்டு வயதிலிருந்து ஒன்றாகப் பள்ளிக்குப் போனவர்கள். ஆனால் மன்றத்துக்குள் 'அவர்களே'தான். "நூத்து முப்பது வருஷமா இந்த ஊர் பறத்தலால வாழுது. எப்படி வாழ முடிஞ்சுது? யாரும் பறக்காததால! எல்லாரும் பறந்துக்கிட்டிருந்தா லீப்கேக்கு என்ன மரியாதை? நாளைக்கே இன்னொருத்தர் அறுபது மீட்டர் பறப்பார். நாம கல்லைத் தூக்கிட்டுப் பின்னாலயே ஓடிக்கிட்டிருக்க முடியுமா? பறத்தல்ங்கிறது ஒரு பெருமை. அதைச் செஞ்சு பாத்துக் கெடுக்கக் கூடாது!"

மன்றம் மேசையைத் தட்டி ஆமோதித்தது.

"எனக்கு ஒரு வரி போதுங்க," என்றார் ஏகோன்.

"எழுதலாம்," என்றார் கோல்வின் அம்மையார், கண்ணாடியைத் துடைத்தபடி. "பறந்தார்னு எழுதினா, கயிறு விடப்பட்டதுன்னு ஆகும். கயிறு விடப்பட்டா, விட்டவர் படையில இருக்க முடியாது. முப்பத்தி மூணாம் பக்கம். இடது கயிறு யாரு?"

பெர்ன்ட் கடைசி வரிசையில் எழுந்தான். கக்கத்தில் தலைக்கவசம். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"நீ உண்மையச் சொல்லு மச்சான்," என்றான். "எனக்கென்ன, படை இல்லேன்னா... எனக்கும் தோட்ட வேலையெல்லாம் கெடக்கு." சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. தலைக்கவசத்தைத் தடவிக்கொண்டே நின்றான்.

ஏகோன் அவனைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார்.

"எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டார்.

தாள் தயாராகவே இருந்தது. இப்படி எழுதியிருந்தது: 'அறுபத்தாறு கிலோ எடையுள்ள ஏகோன் பீஸ்கர் ஆகிய நான், மேற்படி நாளில் எக்கணத்திலும் தரையை விட்டுப் பிரியவில்லை என்றும், தரையே சிறிது நேரம் என்னை விட்டு விலகியிருந்தது என்றும் உறுதி கூறுகிறேன்.' கையெழுத்துப் போட்டார். மூன்று முத்திரை விழுந்தது. வீட்டுக்கு வந்து காலணியைக்கூடக் கழற்றாமல் படுத்துவிட்டார். உர்சல் பக்கத்தில் உட்கார்ந்து மேயரின் பரம்பரையை ஏழு தலைமுறை வரைக்கும் திட்டி முடித்தாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். விடுவார்களா? நாற்பத்தொன்பது மீட்டரை ஊரே கண்ணால் பார்த்திருக்கிறதே! கல்லோ முப்பத்தெட்டில் நிற்கிறது. கல்லைத் தாண்டி ஒரு பள்ளம், ஏகோன் உட்கார்ந்த தடம், வேறு. மேயருக்குத் தூக்கம் போயிற்று. ஒரு அறிஞரை வரவழைத்தார்.

அறிஞர் ஆறு வாரம் ஆராய்ந்தார். லீப்கே பறந்த தூரத்தை அன்று அளந்தது பள்ளி ஆசிரியர். அவர் காலடியால் அளந்தவர். அவர் காலடி எவ்வளவு நீளம்? ஊர் அருங்காட்சியகத்தில் ஆசிரியரின் கால்சட்டை ஒன்று இருக்கிறது. அறிஞர் அதை மேசையில் விரித்து, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை நாடா பிடித்து, நூற்றுப் பத்துப் பக்க அறிக்கை கொடுத்தார். கால்சட்டையின் நீளத்தை வைத்துப் பார்த்தால், லீப்கே பறந்தது முப்பத்தெட்டு அல்ல, சரியாக ஐம்பது மீட்டர். அந்தக் கால்சட்டை ஆசிரியருடையதே இல்லை, முந்தைய அஞ்சல்காரருடையது என்று அருங்காட்சியகத்தைப் பெருக்குகிற அம்மா சொன்னாள். அவள் சொன்னது அறிக்கைக்கு வெளியே இருந்ததால் எடுத்துக்கொள்ளப்படவில்லை.

ஏப்ரலில் விழா எடுத்து, டிராக்டர் வைத்துத் தூக்கி, கல்லை ஐம்பதாவது மீட்டரில் நட்டார்கள். பீட்ரூட் தோட்டம் முடிந்து மக்காச்சோளம் ஆரம்பிக்கிற இடம். மேயர் ரிப்பன் வெட்டினார். "வரலாற்றுப் பிழை ஒன்றை இன்று பன்னிரண்டு மீட்டர் திருத்தினோம்," என்று பேசினார். எல்லாரும் கைதட்டினார்கள். இந்தத் தடவை அனுமதி இருந்தது.

பத்து நாள் கழித்துப் பக்கத்து ஊரான போல்டோவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. போல்டோவில் குன்று கிடையாது. மக்காச்சோளமும் நூற்று முப்பது வருஷத்து வயிற்றெரிச்சலும்தான் உண்டு. அந்த ஊர் மேயரம்மா எழுதியிருந்தார்: 'தங்கள் அன்பளிப்பு கிடைத்தது. கல் எங்கள் எல்லைக்குள் நாற்பது சென்டிமீட்டர் தள்ளி அழகாக நிற்கிறது. நன்றி.'

நிலஅளவைக்காரர் ஓடினார். மக்காச்சோளம்தான் எல்லை. நாற்பத்தொன்பது மீட்டர் அறுபது சென்டிமீட்டரில் கிரேனிட்ஸ் முடிந்துவிடுகிறது. அறிஞரைக் கேட்டால், எல்லை என் துறை இல்லை என்றார்.

ஒரே வாரத்தில் நெடுஞ்சாலையில் பழுப்பு நிறச் சுற்றுலாப் பலகை முளைத்தது: 'இறங்கல் ஊராட்சி போல்டோ. மனிதன் முதன்முதலில் வந்து இறங்கிய மண்.' அடியில் சின்னதாக, 'புறப்பட்ட இடம் பக்கத்தில் எங்கோ.' கல்லுக்குப் பக்கத்தில் பியர் கொட்டகை போட்டார்கள். பேருந்துகள் நேராகப் போல்டோவுக்குப் போயின. பறத்தல் ரொட்டிக் கடையில் ரொட்டி மிஞ்சியது.

"கல்லைத் திருப்பிக் குடுங்க," என்று ட்ரெப்ஸ் தொலைபேசியில் கேட்டார்.

"ஐயய்யோ, வரலாற்றுச் சின்னத்துல நாங்க கை வைப்பமா?" என்றார் போல்டோ மேயரம்மா. "உங்க அறிஞர்தானே சொல்லியிருக்கார், மூணு முத்திரை போட்டு. அதுவுமில்லாம கல்லுலயே எழுதியிருக்கே, எல்லை இல்லைன்னு. பெரிய மனுஷன், தெரியாமலா சொல்லியிருப்பார்?"

மாவட்ட அலுவலகத்துக்குப் போனார் ட்ரெப்ஸ். கோல்வின் அம்மையார் புத்தகத்தைப் புரட்டினார். கல்லை நகர்த்த உண்மையான காரணம் வேறு என்று நிரூபித்தால் அறிக்கை செல்லாது, கல்லும் திரும்பி வரும் என்றார்.

"உண்மையான காரணம் என்ன?" என்று கேட்டார்.

மேயர் ட்ரெப்ஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

ஏகோன் சமையலறையில் உருளைக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தார். கையில் ஒரு பெட்டி பியரோடு மேயர் உள்ளே வந்தார்.

"ஏகோனே," என்றார். இந்தத் தடவை 'அவர்களே' காணோம். "நாம எட்டு வயசுல இருந்து சிநேகிதம்."

"உக்காருங்க மேயரய்யா."

"ஒரு சாட்சிக் கையெழுத்து வேணும்பா. நீ அந்த எடத்துல வந்து எறங்கினே, அதனாலதான் கல்லை மாத்தினோம்னு."

ஏகோன் ஒரு கிழங்கைத் தண்ணீரில் போட்டார். "நான் எங்கய்யா எறங்கினேன்? எறங்கணும்னா மொதல்ல மேல போயிருக்கணும். தரைதானே வெலகிப்போச்சு! எழுதிக் குடுத்திருக்கேனே."

"அது ஒரு பேச்சுக்கு..."

"மூணு முத்திரை இருக்கு."

மேயர் கெஞ்சினார். ஊரின் மானம் என்றார். லீப்கேயின் ஆன்மா என்றார். ரொட்டிக் கடைக்காரனின் பெண்டாட்டி அழுகிறாள் என்றார். ஏகோன் அடுத்த கிழங்கை எடுத்தார். உர்சல் மெதுவாக எழுந்துபோய், வெக்கையாக இருக்கிறது என்று சொல்லி, தெருப் பக்கத்து ஜன்னல் இரண்டையும் அகலத் திறந்துவைத்தாள்.

"அடப் பாவி மனுஷா!" என்று மேயர் மேசையில் குத்தினார். "நீ பறந்தேய்யா! என் தலைக்கு மேல பறந்தே! நான் இந்த ரெண்டு கண்ணால பாத்தேன்! பறவை மாதிரி சிரிச்சுக்கிட்டே போனே! எனக்குப் பொறாமையில வயிறு எரிஞ்சுது, போதுமா? என் வாழ்நாள்ல நான் பாத்ததுலயே அழகான காட்சி அதுதான்யா!"

"எனக்குக் காது கொஞ்சம் மந்தம் மேயரய்யா," என்றாள் உர்சல். "இன்னொரு வாட்டி சொல்லுங்க. பால்காரன் ஏகோன் என்ன பண்ணாரு?"

"பறந்தாரு!" என்று தெருவே அதிரக் கத்தினார் மேயர். வெளியே மிதிவண்டி ஒன்று பிரேக் போட்டு நின்றது. ரொட்டிக் கடைக் கதவு திறந்தது. யாரோ கை தட்டினார்கள். பிறகு இன்னும் யாரோ தட்டினார்கள்.

ஏகோன் கத்தியைக் கீழே வைத்தார். கண்ணில் தண்ணீர். வெங்காயம் என்று சொல்லவும் வழியில்லை, உரித்தது உருளைக்கிழங்கு.

"குறிப்பேட்ட எடுத்துட்டு வாங்க," என்றார். "உங்க கையால எழுதுங்க. அப்புறம் நான் கையெழுத்துப் போடறேன். ஆனா பெர்ன்ட் தலைக்கவசத்துல யாரும் கை வைக்கக் கூடாது."

மேயர் எழுதினார். 'செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு. ஏகோன் பீஸ்கர் பறந்தார்.' மேயரின் கையெழுத்து அவ்வளவு திருத்தமாக இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஏகோன் கையைத் துடைத்துக்கொண்டு, அந்த வரியை மூன்று முறை படித்தார்.

கல் முப்பத்தெட்டாவது மீட்டருக்கே திரும்பியது. போல்டோக்காரர்கள் கல் இருந்த குழிக்கு வேலி போட்டு, குழியைக் காட்டி இன்னும் பியர் விற்கிறார்கள். பெர்ன்ட் மேல் தவறில்லை என்று விசாரணையில் தெரிந்தது. அவன் விதிப்படிதான் கயிற்றை விட்டான். ஆனால் யாராவது குற்றவாளியாக வேண்டுமே? பத்தொன்பதாம் பக்கம் புனிதமானது, அதில் கை வைக்க முடியாது. மேயரின் மூக்கையும் ஒன்றும் செய்ய முடியாது. கடைசியில் பாட்டின் மேல் தப்பு என்று முடிவாயிற்று. ஊர்ப்பாட்டை இரண்டு வருஷத்துக்கு இடைநீக்கம் செய்தார்கள். கயிறுகள் இரண்டிலிருந்து நான்காயின.

அடுத்த செப்டம்பர் வந்தது. இந்தத் தடவை உர்சல் தட்டை நிரப்பவில்லை. ஏகோன் ஒரு உருண்டைக்கு மேல் கை நீட்டினால் பட்டென்று கையில் அடி விழுந்தது. காரணம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஒருநாள் பல் துலக்கிக்கொண்டே ஏகோன் சொல்லியிருந்தார்: "இன்னொரு வாட்டி பறக்கணும் உர்சல். போன தடவ பாதி நேரம் கண்ண மூடிட்டேன்."

ஏகோன் மாட்டுத் தராசில் ஏறினார். அறுபத்தாறு கிலோ நானூறு கிராம். பின்னால் நின்ற உர்சல் மூச்சை விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை உச்சியில் நின்றார். நான்கு மூலையிலும் நான்கு கயிறு. முன் இடதில் பெர்ன்ட். பேண்டு வாத்தியங்களைக் கோல்வின் அம்மையார் ஒரு வண்டிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். கீழே மேயர் கைக்குட்டை இல்லாமல் பேசிக்கொண்டிருந்தார். மேற்கில் மக்காச்சோளம் அலை அலையாகச் சாய்ந்தது. காற்று வந்துகொண்டிருந்தது. ஏகோன் கயிறுகளைப் பார்த்தார். இந்த வருஷம் இல்லை என்று தெரிந்தது.

அப்போது கேக் கடையிலிருந்து ஒரு குரல் எழும்பியது. உர்சலின் குரல். தேவாலயப் பாடகர் குழுவிலிருந்து முப்பது வருஷத்துக்கு முன்பே கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பப்பட்ட குரல் அது. கண்ணை மூடிக்கொண்டு, முஷ்டியை இறுக்கிக்கொண்டு, ஊர்ப்பாட்டைப் பாடினாள். இரண்டாவது அடியில் ரொட்டிக் கடைக்காரர் சேர்ந்துகொண்டார். மூன்றாவது அடியில் முந்நூறு பேர்.

"நிறுத்துங்க!" என்று ஒலிபெருக்கியில் கத்தினார் மேயர். "பாட்டு இடைநீக்கத்துல இருக்கு! யாரும் பாடக் கூடாது!" ஆனால் அடுத்த அடி வந்தபோது, பழக்கதோஷம், அவர் வாயும் சேர்ந்து அசைந்தது.

பெர்ன்ட் திரும்பினான். "மேடம், பத்தொம்பதாம் பக்கம். பாட்டு ஒலிக்கும்போதுன்னுதானே இருக்கு? யார் பாடினான்னு ஏதாச்சும் போட்டிருக்கா?"

கோல்வின் அம்மையார் பக்கத்தைப் புரட்டினார். ஒருமுறை படித்தார். விரலை வைத்து இன்னொருமுறை படித்தார். அவர் நேர்மையான அலுவலர். அதை யாரும் மறுக்க முடியாது.

"போடல," என்றார்.

காற்று உச்சிக்கு வந்துவிட்டது. ஏகோன் இந்தத் தடவை கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டார். பெர்ன்ட் அவரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான். விதியை மீறி அவனுக்குப் பழக்கமே இல்லை. தலைக்கவசத்தை இரண்டு கையாலும் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். மற்ற மூன்று பேரும் கழற்றினார்கள்.